செத்தல் காயாத மலையிலிருந்து

வட்டவளைத் தோட்டங்களில் லயத்து வாசலிலும், காம்பராவுக்குப் பின்னால் இருக்கும் சரிவிலும், அரிசிச் சாக்கில் மண் நிரப்பியும் கொச்சிக்காய்ச் செடி வளர்க்கும் அக்காமாருக்கும் அண்ணிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



பெப்ரவரி பிறந்துவிட்டது. வெயில் கொஞ்சம் முகம் காட்டும் இந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் நம் செடிகள் காய்த்துத் தள்ளும். பறித்ததில் பாதியைச் சம்பலுக்கு இடிப்போம். கொஞ்சத்தைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுப்போம். மிச்சம் கூடையிலேயே காம்பு கறுத்து, தோல் சுருங்கி, பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குப் போகும். பிறகு ஆவணியில், மழை ஓயாமல் அடிக்கும்போது, அதே கொச்சிக்காயை ஹட்டன் கடையில் ஐம்பது கிராம், நூறு கிராம் என்று நிறுத்து வாங்கி வருவோம். கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிய வாரங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த வருடம் சிவந்த பழத்தை வீணாக்காமல் சோஸ் செய்து போத்தலில் அடைத்து வையுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

காயவைத்துச் செத்தலாக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். நம் பூட்டன் பூட்டிமார் சேலம், திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அங்கே மிளகாயைக் காப்பாற்றும் வேலையை வெயிலே பார்த்துக்கொண்டது. களத்தில் பரப்பினால் வற்றல். உப்பு மோரில் ஊறப்போட்டுத் திரும்பத் திரும்ப உலர்த்தினால் மோர்மிளகாய். 1820களில் தொடங்கி முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் மலையேறி வந்தவர்கள் அந்தக் கைப்பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆனால் வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இலங்கையில் அதிகம் நனையும் இடங்களில் நம் ஊரும் ஒன்று. மே மாதம் கடலிலிருந்து ஏறிவரும் தென்மேற்குப் பருவக்காற்றை மறிக்கும் சரிவில்தான் நாம் குடியிருக்கிறோம். தகரத்தில் பரப்பிய கொச்சிக்காயைத் தூறல் விழுந்ததும் ஓடிப்போய் அள்ளுகிறோம், மறுபடி பரப்புகிறோம், மறுபடி அள்ளுகிறோம். கடைசியில் அடுப்புக்கு மேலே பரணில் போட்டுவிடுகிறோம். புகை ஏறுகிறது, ஈரம் போவதில்லை.

சரியாகக் காயாத செத்தலில் ருசி போவதோடு விசயம் முடிந்துவிடாது. ஈரம் மிச்சமிருக்கும் மிளகாயில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது ஈரலைக் கெடுக்கும். கழுவினாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது. ஒரு ஓரத்தில்தானே பூஞ்சணம், அதைக் கிள்ளிவிட்டு மிச்சத்தை அரைக்கலாம் என்று செய்கிறவர்கள் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

வெயிலை நம்ப முடியாத ஊரில் உப்பையும் புளிப்பையும் நம்ப வேண்டும். இதை உலகத்தில் பல ஈரமான ஊர்கள் நமக்கு முன்பே கண்டுகொண்டன. அமெரிக்காவின் லூசியானாவில், சதுப்பு நிலத்துக்கு நடுவே ஏவரி தீவு என்று ஓர் இடம். மண்ணுக்கு அடியில் உப்புப் பாறை, மேலே ஓயாத ஈரப்பதம். அங்கே எட்மண்ட் மெக்கில்ஹென்னி என்பவர் 1868இல் டபாஸ்கோ சோஸைச் செய்யத் தொடங்கினார். சிவந்த பழத்தை அரைத்து, உப்புச் சேர்த்து, ஓக் மரப் பீப்பாயில் மூடி, மூன்று வருடம் வரை விட்டு, பிறகு வினாகிரி கலந்து வடிகட்டுவதுதான் அவர்கள் முறை. இன்றைக்கும் அதில் இருப்பவை மிளகாய், உப்பு, வினாகிரி மூன்றே. நமக்குப் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள வீடுகளில் லுணு மிரிஸ் இடிப்பதும் ஏறக்குறைய இந்தச் சரக்குதான். அதை அன்றன்றைக்கே தின்று முடிக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நாமும் ரொட்டிக்கு இடித்த சம்பலை இலையில் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள். அந்தச் சம்பலை ஆறு மாதம் கெடாமல் வைத்திருக்க என்ன செய்யவேண்டுமோ அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் பழத்தைப் பற்றி. நம் வாசல்களில் மூன்று விதம் இருக்கின்றன. கறிக்குப் போடும் நீளமான கொச்சிக்காய் ஒன்று. வானத்தைப் பார்த்து நிற்கும் சின்னக் கொச்சி இன்னொன்று. மூன்றாவது நைமிரிஸ்: சுருங்கிய தோல், பழ வாசம், வாயில் வைத்தால் காது அடைக்கும் உறைப்பு. மிளகாயின் உறைப்பை அளக்க வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தாளர் 1912இல் ஒரு அளவுமுறை கண்டுபிடித்தார். அந்தக் கணக்கில் சின்னக் கொச்சி போன்றவை 50,000 முதல் 100,000 வரை போகும். நைமிரிஸின் இனத்தைச் சேர்ந்த ஹபனேரோ 100,000க்கு மேலே தொடங்கி 350,000 வரை ஏறும். ஆகவே நைமிரிஸை மட்டும் அரைத்துப் போத்தலில் அடைத்தால் அதை யாரும் சாப்பிட முடியாது. நீளக் கொச்சிக்காய்ப் பழம் முக்கால் பங்குக்கு மேல், நைமிரிஸ் கால் பங்குக்கும் குறைவு என்று கலந்தால் நிறமும் வரும், அந்த வாசமும் நிற்கும். எனக்குப் பிடித்த கலவை இதுதான். உறைப்பு முழுக்க விதையில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது சுரப்பது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில். குறைக்க விரும்பினால் பழத்தைப் பிளந்து அந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

நன்றாகச் சிவந்ததை மட்டும் பறியுங்கள். பச்சையிலும் சோஸ் வரும், ஆனால் பழத்தில் இருக்கும் இனிப்புதான் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனி. மழை பெய்த மறுநாள் காலையில் பறிக்காதீர்கள். தோலில் சின்னக் கறுப்பு வட்டம் குழிவிழுந்து தெரிந்தால் அது பழ அழுகல் நோய். அந்தப் பழம் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. தேயிலைக்கு மருந்தடித்த நாளில் காற்று உங்கள் செடிப்பக்கம் வீசியிருந்தால் அந்த வாரம் பறிப்பை விட்டுவிடுங்கள்.

இனிச் செய்முறை. பழத்தைக் கழுவி, சுத்தமான துணியில் துடைத்து, காம்பைக் கிள்ளி எடுங்கள். நிறுத்துப் பாருங்கள். கை அளவு, கண் அளவு இங்கே உதவாது. ஒரு கிலோ பழத்துக்கு 30 கிராம் உப்பு. அரைக் கிலோவென்றால் 15. இதற்குக் குறைந்தால் கெட்ட கிருமிகள் முந்திக்கொள்ளும். மிகவும் கூடினால் நமக்கு வேண்டிய நல்ல கிருமிகளும் தூங்கிப்போகும். கல்லுப்பு நல்லது. அம்மியிலோ உரலிலோ, கரண்ட் இருந்தால் கிரைண்டரிலோ உப்போடு சேர்த்துக் கரகரப்பாக இடியுங்கள். மைபோல அரைக்கத் தேவையில்லை.

இடித்ததைக் கண்ணாடிப் போத்தலில் அழுத்தி நிரப்புங்கள். ஜாம் வந்த அகல வாய்ப் போத்தல் போதும். முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள், பொங்கும். ஒரு துண்டு வாழையிலையைச் சுடுதண்ணீரில் முக்கியெடுத்து மேலே பரப்பி, கொதிக்கவைத்த சின்னக் கண்ணாடிக் குவளையோ கல்லோ வைத்து அழுத்துங்கள். விழுது தன் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் போதவில்லை என்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீருக்கு 30 கிராம் உப்புக் கரைத்து அதில் கொஞ்சம் ஊற்றுங்கள். வெளியே தெரியும் ஒவ்வொரு துண்டிலும் பூஞ்சணம் வந்து உட்காரும். மூழ்கியிருப்பதில் காற்றில்லாததால் வராது. இந்த முழு வேலையில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

மூடியை லேசாக மூடி, அடுப்புக்கும் சுவருக்கும் தள்ளி, வெயில் படாத மூலையில் வையுங்கள். இரண்டாம் நாள் மூன்றாம் நாள் குமிழி வரத் தொடங்கும். பழத்தோலிலேயே இருக்கும் லக்டோபசிலஸ் என்ற நுண்ணுயிர் இனிப்பைத் தின்று லக்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது. பால் தயிராகும்போது நடப்பதும் இதுதான். தினமும் ஒருமுறை மூடியைத் திருகிக் காற்றை வெளியே விடுங்கள். இறுக்கி மூடி மறந்துவிட்டால் போத்தல் வெடிக்கும். கொழும்பு வெக்கையில் ஒரு வாரம் பத்து நாளில் முடியும் வேலை, நம் குளிரில் இரண்டு மூன்று வாரம் எடுக்கும். அவசரப்படாதீர்கள். மெதுவாகப் புளிப்பதில் வாசம் கூடத்தான் செய்கிறது. மேலே மெல்லிய வெள்ளை ஆடை படிந்தால் பயமில்லை, சுத்தமான கரண்டியால் வழித்தெடுங்கள். பஞ்சு பஞ்சாகப் பச்சை, கறுப்பு, ரோஸ் நிறத்தில் எது வந்தாலும் முழுப் போத்தலையும் கொட்டிவிடுங்கள். மேலே எடுத்துவிட்டு கீழே இருப்பதைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம்.

குமிழி அடங்கி, மூக்கில் நல்ல புளிப்பு வாசம் ஏறினால் பதம் வந்துவிட்டது. இப்போது வினாகிரி. போத்தலைத் திருப்பி லேபலைப் படியுங்கள். அசெட்டிக் அமிலம் 4 சதவீதமாவது இருக்க வேண்டும். தென்னங்கள்ளில் இருந்து வந்த வினாகிரி வாசமாக இருக்கும், செயற்கை வினாகிரி மலிவு. கெடாமல் காப்பது இரண்டிலும் அந்த அமிலம்தான், ஆகவே கையில் இருக்கும் காசுக்கு ஏற்றதை வாங்குங்கள். இரண்டு பங்கு விழுதுக்கு ஒரு பங்கு வினாகிரிக்குக் குறையாமல் சேர்த்து நன்றாக அரைத்து, எஃகுச் சட்டியில் காய்ச்சுங்கள். நம் வீடுகளில் அலுமினியச் சட்டிதான் அதிகம். உப்பும் அமிலமும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும், சோஸில் உலோக ருசி இறங்கும். எஃகுச் சட்டி இல்லாதவர்கள் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். கொதி வந்தபின் பத்து நிமிடம் விட்டு, சூட்டோடு போத்தலில் ஊற்றி மூடுங்கள்.

போத்தலையும் மூடியையும் முன்பே தண்ணீரில் கொதிக்கவைத்திருக்க வேண்டும். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் 97 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும். அதாவது நம் கொதி கொழும்புக் கொதியை விடச் சூடு குறைந்தது. அங்கே பத்து நிமிடம் போதுமென்றால் இங்கே பதின்மூன்று பதினான்கு நிமிடம் விடுங்கள். இது சின்ன விசயம்போலத் தெரியலாம், ஆனால் கொழும்பில் அச்சடித்த சமையல் குறிப்புகள் எதிலும் மலையில் இருக்கிறவர்களை நினைத்து இதைச் சொல்லியிருக்க நான் கண்டதில்லை.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானது. காற்றுப்புகாத போத்தலில் புளிப்புக் குறைவாக இருந்தால் க்ளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி வளரக்கூடும். அதன் நஞ்சுக்கு நிறமில்லை, வாசமில்லை, ஆளையே கொன்றுவிடும். அமிலத்தை அளக்கும் பி.எச். எண் 4.6க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. நாம் 4க்கும் கீழே நிற்க வேண்டும், ஓரத்தில் நின்று சோதித்துப் பார்க்கும் விசயம் இது இல்லை. பி.எச். தாள் விலை அதிகமில்லை. சோஸில் ஒரு சொட்டுத் தொட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். சிவப்புச் சோஸில் நிறம் மயக்கும். துணியில் வடித்த தெளிந்த நீரில் பாருங்கள். உங்கள் வீட்டில் சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைக்கு இது தெரியும், பள்ளிக்கூடத்து விஞ்ஞான டீச்சருக்கும் தெரியும். கேளுங்கள். அளக்காத போத்தலை வீட்டுக்கு வெளியே யாருக்கும் கொடுக்காதீர்கள். பூண்டையோ கொச்சிக்காயையோ பச்சையாக எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கிற பழக்கமும் இதே காரணத்தால் ஆபத்து. எண்ணெய் காற்றை அடைத்துவிடும், ஆனால் அதில் புளிப்பு இல்லை.

கரட், வெங்காயம், பூண்டு சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சேர்க்கலாம், ஆனால் அவற்றில் புளிப்பு இல்லாததால் பழத்தின் எடையில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். வினாகிரியோடு சேர்த்து வேகவைத்துவிட்டு மறுபடி பி.எச். பாருங்கள். கொறக்காப்புளி போட்டால் புளிப்பு ஏறும், நிறம் கறுத்துவிடும். கடைச் சோஸைப் போலச் சீனி அள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் பாணில் தடவித் தின்பதற்குச் சீனிக் கரைசல் வேண்டாம். கொச்சிக்காயின் ருசி தெரியட்டும்.

கையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு கிலோ கொச்சிக்காயை வெறுங்கையால் பிளந்தால் இரவு முழுக்க எரியும். தண்ணீரில் கழுவினால் அடங்காது, ஏனென்றால் எரிக்கும் பொருளான கப்சயிசின் தண்ணீரில் கரைவதில்லை. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சவர்க்காரம் போடுங்கள். வாய் எரிந்தால் பால் குடியுங்கள். 1997இல் டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானியும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்த எரிச்சலை உணரும் வாசல் நம் நரம்பில் எது என்று கண்டுபிடித்தார்கள். தோலில் உண்மையாகச் சூடு பட்டாலும் அதே வாசல்தான் திறக்கிறது, அதனால்தான் கொச்சிக்காய் பட்ட இடம் நெருப்புப் பட்டதுபோல எரிகிறது. இந்த ஆராய்ச்சிக்காக 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எரியாமலிருக்கக் கைக்கு இரண்டு ஷொப்பிங் பையைக் கட்டிக்கொண்டாலும் போதும். பால்குடிப் பிள்ளை இருக்கிற தாய்மார் இந்த வேலையைத் தொட வேண்டாம். தொட்டால் கை முழுக்கக் கழுவாமல் பிள்ளையைத் தூக்க வேண்டாம். காய்ச்சும்போது வரும் ஆவி இருமலைக் கிளப்பும். காம்பராவுக்குள் காய்ச்சாமல் வெளியே அடுப்பு மூட்டுங்கள். மூச்சிழுப்பு இருக்கிற பெரியவர்களையும் பிள்ளைகளையும் அந்த நேரத்துக்கு அப்பால் அனுப்பிவிடுங்கள்.

மருந்துப் போத்தல், தோட்டத்து இரசாயனம் வந்த கலன், எத்தனை தரம் கழுவியிருந்தாலும் பக்கத்தில்கூட வரக்கூடாது.

இதெல்லாம் வீட்டுக்கு. இனி நான் உங்களிடம் கேட்க நினைத்த இன்னொன்று. மத்திய அமெரிக்காவில் பெலீஸ் என்று ஒரு சின்ன நாடு. அங்கே மேரி ஷார்ப் என்ற பெண் 1980களின் தொடக்கத்தில், தோட்டத்தில் விளைந்த ஹபனேரோவை வாங்க ஆளில்லாமல், தன் குசினியில் சோஸ் செய்து பார்த்தார். அந்தக் கொடும் உறைப்பைத் தணிக்க அவர் சேர்த்தது கரட். நுவரெலியா மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது என் கை துறுதுறுத்தது. நைமிரிஸும் ஹபனேரோவும் ஒரே இனம், கரட்டும் நம் மண்ணில் விளைகிறது. அவருடைய சோஸ் கடல் தாண்டிப் போனது. ஆனால் முதலில் அது போன பெயர் வெளிநாட்டு விநியோகஸ்தர் கையில் சிக்கிக்கொண்டது. தான் வளர்த்த பெயரை விட்டுவிட்டு, லேபலில் தன் சொந்தப் பெயரையே போட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது அந்த அம்மாவுக்கு.

வட்டவளை என்ற பெயர் தேயிலைப் பக்கற்றில் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறது. அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கைக்காரியின் பெயர் ஒரு பக்கற்றிலும் இருந்ததில்லை. நீங்கள் சோஸ் செய்து விற்பதானால் உங்கள் பெயரை, உங்கள் குழுவின் பெயரை, உங்கள் டிவிசனின் பெயரை நீங்களே போடுங்கள். யாராவது வந்து நல்ல விலை தருகிறோம், பெயர் மட்டும் எங்களுடையது என்று சொன்னால் நன்றாக யோசியுங்கள். நாலு பேரிடம் கேளுங்கள். கையெழுத்துப் போடும் காகிதத்தைத் தமிழில் வாசிக்காமல் போடாதீர்கள்.

விற்கும் வழி இல்லாமலில்லை. மார்கழிப் போயாவிலிருந்து வைகாசி வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களில் பலர் கினிகத்தேனை, வட்டவளை வழியாகத்தான் ஹட்டனுக்கு ஏறுகிறார்கள். கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் நம் நிலையத்தைக் கடந்து போகிறது, அதில் வடை சாப்பிடாமல் போகிற ஆள் குறைவு. வடைக்குச் சோஸ் வேண்டாமென்று யார் சொல்லப் போகிறார்கள்? ஆனால் ஒழுங்காகச் செய்யுங்கள். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி விற்பனைக்கு வரும் உணவைச் சோதிக்கும் அதிகாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உண்டு. அவர் வருவதற்கு முன்னால் நீங்களே போய்ச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். லேபலில் பொருளின் பெயர், உள்ளே இருப்பவை, எடை, செய்த திகதி, முடியும் திகதி, செய்தவரின் பெயரும் விலாசமும் இருக்கட்டும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அன்றைக்குப் பார்த்த பி.எச். எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் எந்தக் காய்ச்சலென்று தேடிப் பிடிக்க அது வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. காலையில் பிரட்டுக்குப் போய், 18, 20 கிலோ கொழுந்து நிறுத்து, மாலையில் விறகும் தண்ணீரும் பார்த்து, சோறாக்கிப் பிள்ளைகளைத் தூங்கவைக்கிறவர்களிடம் போய் இன்னொரு வேலை செய்யுங்கள் என்று சொல்கிறேன். அது எனக்குத் தெரியும். ஆகவே இதைத் தனியாகச் செய்யாதீர்கள். ஒரு லயத்தில் நாலு வீடு சேருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இடிக்கிற வேலை ஆண்களுடையதாக இருக்கட்டும். உரலைத் தூக்க அவர்களுக்குத் தெம்பு இருக்கிறது. பி.எச். பார்ப்பதும் கொப்பி எழுதுவதும் படிக்கிற பிள்ளைகளுடையது. எத்தனை மணி நேரம் போனதென்று குறித்து, விலை போடும்போது அந்த நேரத்துக்கும் கூலி சேருங்கள். பழமும் வினாகிரியும் உப்பும் என்ன விலை என்று மட்டும் பார்த்து விலை சொன்னால் உங்கள் உழைப்பை இலவசமாகக் கொடுத்ததாகிவிடும்.

செடி வைக்க இடமில்லை என்கிறவர்களின் கவலை உண்மையானது. லயத்தின் நிலம் நம்முடையதில்லை, ஏழு பேர்ச் காணிக்குப் பேர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் நம்மிலேயே எத்தனை பேர். அதற்காகப் போராடுவதை ஒரு போத்தல் சோஸ் ஈடுசெய்யாது. இப்போதைக்குச் சாக்கில் வைக்கலாம். அடியில் நாலு ஓட்டை போட்டு, கொஞ்சம் கல் பரப்பி, கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே மழை நேரே விழாத இடமாகப் பார்த்து வையுங்கள். கொச்சிக்காய் நின்ற தண்ணீரைத் தாங்காது. வைகாசி மழையில் பூ கொட்டி, வேர் அழுகிச் சாகும் செடிகளில் பல இப்படித்தான் போகின்றன. நைமிரிஸ் கொஞ்சம் நிழலையும் பொறுத்துக்கொள்ளும். நல்ல செடியில் முதல் பறிப்பிலேயே இரண்டு பழத்தை விதைக்கென்று விட்டுவைத்து, அதன் விதையை நிழலில் உலர்த்திச் சாம்பல் பிரட்டி வைத்தால் அடுத்த வருடம் விதைக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை.

நான் கேட்பது இதுதான். பங்குனிக்குள் ஒவ்வொரு லயத்திலும் ஒரு குழு ஒரு கிலோ பழத்தில் தொடங்கட்டும். முதல் தடவை அதற்கு மேல் வேண்டாம். பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். தேவைப்படுகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். அளக்கச் சந்தேகமிருந்தால் சின்னப் போத்தலில் கொஞ்சம் கொண்டுவாருங்கள், சேர்ந்தே பார்ப்போம். என்ன பழம், எத்தனை கிராம் உப்பு, எத்தனை நாள், மழை எப்போது பெய்தது என்று எழுதிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. ஒரு லயத்தில் சரியாக வந்ததையும் இன்னொரு லயத்தில் கெட்டுப்போனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த மலைக்கு எத்தனை நாள் சரியென்று நமக்கே கணக்கு வரும். வெசாக்குக்கு முன்னால் ஒரு ஞாயிறு எல்லோரும் போத்தலோடு கூடுவோம். ரொட்டி நான் சுடுகிறேன்.

அன்புடன்,
வட்டவளையிலிருந்து உங்களில் ஒருத்தி